சதுர மூக்கு ஷூ போட்ட பையன்



போன மாதம் அறிவியல் வகுப்பில் ஒரு சட்டக் காந்தம் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது ஞாபகம் இருக்கும். சிவப்புப் பக்கம் எனக்கு, நீலப் பக்கம் உனக்கு என்று நானும் என் பக்கத்து பெஞ்சுக்காரியும் பங்கு போட்டோம். நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் என் துண்டிலும் வடக்கு தெற்கு இரண்டும் இருக்கு, அவள் துண்டிலும் இரண்டும் இருக்கு! தனி வடக்கு ஏன் கிடைக்கவில்லை என்று டீச்சரிடம் கேட்டேன். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லைப் பற்றிப் படித்துவிட்டு வா என்றார்கள். படித்தேன். அவருடைய கதையைத்தான் எழுதுகிறேன்.

மாக்ஸ்வெல் 1831 ஜூன் 13-ல் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். வளர்ந்தது கிளென்லேர் என்ற கிராமத்துப் பண்ணை வீட்டில். சின்ன வயதிலேயே எதைப் பார்த்தாலும் இது எப்படி ஓடுது, எதனால் ஓடுது என்று கேட்டுக் கேட்டுப் பெரியவர்களைப் பாடாய்ப் படுத்துவாராம். எட்டு வயதில் அம்மா வயிற்றுப் புற்றுநோயில் இறந்து போனார். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த வாத்தியார் இந்தப் பையன் மந்தம் என்று சொல்லி அடித்தாராம். அதனால் பத்து வயதில் எடின்பரோவில் அத்தை வீட்டில் தங்கவைத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

முதல் நாள் அவர் போட்டுப் போனது அப்பாவே யோசித்து வடிவமைத்த உடுப்பும் சதுர மூக்கு ஷூவும். பேச்சும் கிராமத்துப் பேச்சு. சும்மா விடுவார்களா? சுற்றி நின்று கேலி பண்ணி, சட்டையைக் கிழித்து அனுப்பினார்கள். கிறுக்கன் என்று அர்த்தம் வருகிற ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். அது பல வருஷம் ஒட்டிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்க அப்பா தையல்காரர். இந்த வருஷம் என் சீருடையை அவரே துணி எடுத்துத் தைத்தார். துணியின் கலர் கொஞ்சம் மாறிப்போச்சு. அன்றிலிருந்து சிலர் என்னை 'வேற ஸ்கூல்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆடி மாதத்தில் இரண்டு நாள் வயிற்று வலி என்று லீவு லெட்டர் கொடுத்தேனே, அது வயிற்று வலி இல்லை. டீச்சர் மன்னிக்கணும். அப்பாவுக்கு இதுவரை தெரியாது. மாக்ஸ்வெல் கிழிந்த சட்டையோடு அத்தை வீட்டுக்குப் போனபோது அழவில்லையாம், வேடிக்கை நடந்த மாதிரி இருந்தாராம். எனக்கு அது நம்ப முடியவில்லை. அப்பா மனசு நோகக்கூடாது என்று அப்படி இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அதே பையன் பதினான்கு வயதில், அதாவது இப்போ என் வயதில், ஒரு கணக்குக் கட்டுரை எழுதினார். இரண்டு குண்டூசி, ஒரு நூல், ஒரு பென்சில் வைத்து முட்டை வடிவக் கோடுகளை வரைகிற முறை அது. 1846-ல் எடின்பரோ ராயல் சங்கத்தில் அதை ஃபோர்ப்ஸ் என்ற பேராசிரியர்தான் வாசித்தார். எழுதியவர் சின்னப் பையன், அந்தச் சபையில் நின்று வாசிக்க வயது போதாது!

பிறகு எடின்பரோவிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். 1854-ல் கேம்பிரிட்ஜ் கணக்குத் தேர்வில் இரண்டாம் இடம். (முதல் இடம் ரௌத் என்பவருக்கு. அவரை இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?) 25 வயதில் அபர்தீன் ஊரில் பேராசிரியர் ஆனார். சனிக் கிரகத்தின் வளையம் ஒரே தகடாக இருக்க முடியாது, எண்ணற்ற சிறு துண்டுகள் தனித்தனியாகச் சுற்றுகின்றன என்று தொலைநோக்கியைத் தொடாமல் கணக்கிலேயே காட்டினார். 1858-ல் கல்லூரி முதல்வரின் மகள் கேத்தரினைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆனா 1860-ல் இரண்டு கல்லூரிகளை ஒன்றாக்கியபோது வேலை போனது அவருக்குத்தான். மாமனார் முதல்வராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை பாருங்க. எடின்பரோவில் ஒரு வேலைக்கு முயற்சி செய்தார். அது அவருடைய பள்ளித் தோழர் டெய்ட்டுக்குக் கிடைத்தது. அப்படியும் இருவரும் கடைசி வரை நண்பர்கள். அதே வருஷம் பெரியம்மை வேறு வந்தது. கேத்தரின் கூடவே இருந்து பார்த்துப் பிழைக்க வைத்தார். பின்னாளில் லண்டன் வீட்டு மாடியில் வாயுக்களை வைத்துச் சோதனை செய்தபோது, சூடு மாறாமல் அடுப்பை எரியவிட்டுக்கொண்டே இருந்ததும் கேத்தரின்தான்.

இப்போ காந்தத்துக்கு வருகிறேன்.

1820-ல் டென்மார்க் நாட்டு ஓர்ஸ்டெட், கம்பியில் மின்சாரம் ஓடினால் பக்கத்தில் இருக்கும் திசைகாட்டி முள் அசைவதைப் பார்த்தார். 1831-ல், மாக்ஸ்வெல் பிறந்த அதே வருஷம், ஃபாரடே இதன் மறுபக்கத்தைக் கண்டுபிடித்தார். கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் வருகிறது. ஃபாரடே புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பார்த்தவர், கணக்கு படிக்காதவர். காந்தத்தைச் சுற்றிக் கோடுகள் இருப்பதாக மனசில் பார்த்துச் சொன்னார். பல பெரிய கணக்கு மேதைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாக்ஸ்வெல் எடுத்துக்கொண்டார். அந்தக் கோடுகளைக் கணக்காக மாற்றி, 65 வயது தாண்டிய ஃபாரடேக்கே அனுப்பினார். கணக்கில் கண்டதைச் சாதாரணப் பேச்சிலும் எழுதக் கூடாதா என்று ஃபாரடே பதில் எழுதினாராம். ஒன்பதாம் வகுப்பில் எல்லாரும் கேட்க நினைக்கிற கேள்வி இது!

கணக்கை எழுதி வந்தபோது மாக்ஸ்வெல்லுக்கு ஒரு பக்கம் குறைவது தெரிந்தது. மாறுகிற காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும் என்று ஃபாரடே காட்டிவிட்டார். அப்படியானால் மாறுகிற மின்புலமும் காந்தப்புலத்தை உண்டாக்க வேண்டும். அதற்கு ஒரு உறுப்பை அவரே சேர்த்தார். உடனே ஒன்று மற்றதை எழுப்ப, அது இதை எழுப்ப, அலையாக ஓட ஆரம்பித்தது. அதன் வேகம் எவ்வளவு? 1861 கோடையில் கிளென்லேரில் சூத்திரத்தை எழுதிவிட்டார். ஆனா போடவேண்டிய எண் கையில் இல்லை. லண்டன் திரும்பி எண்ணைப் போட்டுப் பார்த்தால் வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். ஒளியின் வேகம்! ஒளி என்பதே மின்காந்த அலைதான். அந்த ராத்திரி அவர் தூங்கியிருப்பாரா?

அவர் எழுதியது 20 சமன்பாடு. அதை 4 ஆகச் சுருக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு. 16 வயதோடு பள்ளியை விட்டு, தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர். சுருக்கிய பிறகுதான் ஒரு அழகு வெளியே தெரிந்தது. மின்னேற்றம் எதுவுமே இல்லாத வெறும் இடத்தில், மின்புலம் என்று எழுதிய இடத்தில் காந்தப்புலத்தையும், காந்தப்புலம் இருந்த இடத்தில் மின்புலத்தையும் மாற்றிப் போட்டு, ஒன்றுக்கு மட்டும் கழித்தல் குறி வையுங்கள். சமன்பாடு அப்படியே இருக்கும். இதற்கு இருமைச் சமச்சீர் என்று பெயர்.

ஆனா மின்னேற்றத்தை உள்ளே வைத்ததும் சமச்சீர் உடைகிறது. தனி நேர்மின், தனி எதிர்மின் உண்டு. தனி வடக்கு இல்லையே. என் உடைந்த காந்தத்தில் இருந்த சிக்கல் இதுதான்!

1931-ல் டிராக் என்பவர், தனி வடக்கு ஒன்றே ஒன்று எங்காவது இருந்தாலும் போதும், உலகத்தில் மின்னேற்றம் ஏன் முழு மடங்குகளாகவே வருகிறது என்பதற்குக் காரணம் கிடைத்துவிடும் என்று காட்டினார். அவர் கணக்கில் மின்னேற்றத்தையும் காந்த ஏற்றத்தையும் பெருக்கினால் வருவது ஒரு நிலையான எண்ணின் மடங்கு. 24 சதுர அடிக் கோலத்தில் நீளத்தைக் கூட்டினால் அகலம் குறையும் அல்லவா, அந்த மாதிரி. ஒன்று பலவீனமாக இருந்தால் மற்றது பலமாக இருக்கும். எலக்ட்ரானோடு ஒப்பிட்டால் தனிக் காந்தம் சுமார் 68 மடங்கு பலம்.

இதைப் பிடித்துக்கொண்டு 1977-ல் மாண்டோனன், ஆலிவ் என்ற இருவர் ஒரு யோசனை சொன்னார்கள். விசை பலமாக இருக்கும்போது கணக்குப் போடவே முடியாது. அப்போ மின்னையும் காந்தத்தையும் இடம் மாற்றினால் அதே கணக்கு பலவீன விசைக் கணக்காகிச் சுலபமாகிவிடலாம் என்றார்கள். 1978-ல் பாரிஸில் கிரெம்மரும் ஜூலியாவும் ஈர்ப்பு விசைக்கான சூப்பர் கிராவிட்டி கோட்பாட்டுக்குள் இதைவிடப் பெரிய இடமாற்றச் சமச்சீர் ஒளிந்திருப்பதைக் கண்டார்கள். 1994-ல் இழைக் கோட்பாட்டில் இந்த யோசனைக்குப் பலமான ஆதாரம் கொடுத்தவர், மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த நம் நாட்டு அசோக் சென். அடுத்த வருஷம், தனித்தனி என்று நினைத்த ஐந்து இழைக் கோட்பாடுகளும் இப்படிப்பட்ட இருமைகளால் ஒன்றோடொன்று இணைந்தவை என்று தெரிந்தது. தனி வடக்கு மட்டும் இன்னும் அகப்படவில்லை. செர்ன் ஆய்வகத்தில் அதற்கென்றே கருவி வைத்துத் தேடியிருக்கிறார்கள்.

மாக்ஸ்வெல் இதில் எதையும் பார்க்கவில்லை. மின்காந்த அலையை ஹெர்ட்ஸ் செய்து காட்டியதைக்கூட (1887-88) பார்க்கவில்லை. கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகத்தைக் கட்டி எழுப்பிவிட்டு, 1879 நவம்பர் 5-ல், 48 வயதில், அம்மாவுக்கு வந்த அதே நோயில் இறந்தார். கிளென்லேருக்குப் பக்கத்தில் பார்ட்டன் என்ற ஊரில் புதைத்திருக்கிறார்கள்.

இந்தத் தாளின் கீழ் மூலையில் இருக்கும் முட்டை அவர் முறையில் நான் வரைந்தது. நூலின் ஒரு முனையைப் பென்சிலில் கட்டி, ஒரு குண்டூசியைச் சுற்றிக்கொண்டு வந்து, மறுபடி பென்சிலைச் சுற்றி, அடுத்த குண்டூசியில் கட்ட வேண்டும். நூலைத் தளரவிடாமல் வரையணும். நூல் அப்பாவோட தையல் மெஷினிலிருந்து எடுத்தது. ஒரு இடத்தில் நழுவியதால் இடது பக்கம் கொஞ்சம் நெளிந்திருக்கு.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி