அட்டப்பாடி ரத்தத்தில் மாறிய ஒரு எழுத்து: ஜே.பி.எஸ். ஹால்டேன் போட்ட கணக்கு உங்களுக்கு ஏன் முக்கியம்?

கோவையில் இருந்து தடாகம் சாலையைப் பிடித்து ஆனைகட்டியைத் தாண்டினால், நீங்கள் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்துக்குள் நுழைந்திருப்பீர்கள். சோலையூர், அகளி, புதூர் என்று விரியும் அந்த மலைப்பகுதிதான் அட்டப்பாடி. இருளர், முதுகர், குறும்பர் என மூன்று பழங்குடி சமூகங்களின் ஊர். கேரளாவில் அரிவாள் செல் ரத்தசோகை, அதாவது சிக்கிள் செல் அனீமியா, அதிகம் காணப்படும் இடங்களில் வயநாட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயரும் இதுதான்.

ஒரு கேள்வி வருகிறது இல்லையா? ஆனைகட்டிக்குக் கீழே கோவை நகரத்தில் அரிதாக இருக்கும் ஒரு நோய், மலை ஏறியதும் ஏன் அதிகமாகிறது? பழங்குடிகளின் ரத்தத்தில் ஏதோ குறை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது தப்பு. அது ஏன் தப்பு என்று புரிந்துகொள்ள உதவுகிறவர், இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாக இறந்த ஒரு மனிதர்: ஜே.பி.எஸ். ஹால்டேன்.

யார் இந்த ஹால்டேன்?

1892 நவம்பர் 5-ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்க விஷவாயுக்களைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த உடலியல் விஞ்ஞானி. அந்தச் சோதனைகளுக்கு மகனையும் சின்ன வயதிலேயே கூட்டிக்கொண்டு போனார். பழக்கம் விடவில்லை. பிற்காலத்தில் மகனும் அமோனியம் குளோரைடைக் குடித்து ரத்தம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். நீர்மூழ்கிக் கப்பல் வீரர்களுக்காக அழுத்த அறைக்குள் உட்கார்ந்து, வலிப்பு வந்து முதுகெலும்பில் அடிபட்டார்.

ஆச்சரியம் என்னவென்றால், அறிவியலில் அவரிடம் ஒரு பட்டம்கூட கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியமும்தான். முதல் உலகப் போரில் காயம்பட்டு, உடம்பு தேற அனுப்பப்பட்ட இடம் இந்தியா. போருக்குப் பிறகு கேம்பிரிட்ஜ், அப்புறம் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ். பரிணாமத்தைக் கணக்காக எழுதிக் காட்டிய மூவரில் ஒருவர் என்று ரொனால்டு ஃபிஷர், சீவால் ரைட் ஆகியோருடன் அவரைச் சொல்வார்கள்.

மலேரியா கணக்கு

1940-களின் கடைசியில் விஞ்ஞானிகளைக் குழப்பிய விஷயம் தலசீமியா. இத்தாலி, கிரீஸ் பகுதிகளில் பரவலாக இருந்த ரத்த நோய். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் குழந்தை பெரும்பாலும் சிறு வயதிலேயே இறந்துவிடும். அப்படியானால் தலைமுறைக்குத் தலைமுறை அந்த மரபணு குறைந்து மறைந்திருக்க வேண்டுமே? புதிது புதிதாக மாற்றங்கள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன என்றார்கள் சிலர். அவ்வளவு வேகத்தில் உருவாக வாய்ப்பில்லை என்று ஹால்டேனுக்குத் தோன்றியது. 1935-லேயே ஹீமோஃபீலியாவை வைத்து மனித மரபணு மாற்றத்தின் வேகத்தைக் கணக்கிட்டவர் அவர்.

1948-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த மரபியல் மாநாட்டில் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். ஒரே ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்களுக்கு, அதாவது கேரியர்களுக்கு, மலேரியாவைத் தாங்கும் சக்தி கூடுதலாக இருந்தால்?

நீங்களே போட்டுப் பாருங்க. ஒரு ஊரில் 100 குழந்தைகள். ஆளுக்கு இரண்டு வீதம் மொத்தம் 200 பிரதிகள். 18 குழந்தைகளிடம் மாறிய பிரதி ஒன்று, ஒரு குழந்தையிடம் இரண்டு, மீதி 81 பேரிடம் எதுவுமில்லை. ஆக மாறிய பிரதிகள் 20, சாதாரணமானவை 180. இரண்டு பிரதி உள்ள அந்த ஒரு குழந்தை நோயால் இறந்தால் மாறிய பிரதிகளில் 2 போகும், அதாவது பத்தில் ஒரு பங்கு. மலேரியாவால் 81 பேரில் 9 பேர் இறந்தால் சாதாரணப் பிரதிகளில் 18 போகும். அதுவும் பத்தில் ஒரு பங்கு. இரண்டும் சமம். மரபணு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இது வெறும் உதாரண எண்கள்தான், ஆனால் ஹால்டேன் சொன்ன யோசனையின் சாரம் இதுதான்.

1954-ல் ஆந்தனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் அரிவாள் செல் மரபணுவை வைத்து இதை உறுதிசெய்தார். கடற்கரை, விக்டோரியா ஏரிக்கரை போன்ற மலேரியா பகுதிகளில் கேரியர்கள் அதிகம், உயரமான வறண்ட பகுதிகளில் குறைவு.

நம்ம பக்கம் என்ன நடந்தது?

அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1952-ல், ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல்லைக் கண்டறிந்து வெளியிட்டிருந்தார்கள். நீலகிரியின் தெற்குச் சரிவுக்குக் கீழேதான் அட்டப்பாடி. இந்த மலையடிவாரக் காடுகள் எல்லாமே ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனவை.

மாற்றம் என்னவோ மிகச் சின்னது. ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறுகிறது. ஒரு பிரதி மாறினால் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லை, மலேரியாவின் கடுமையான வடிவத்திலிருந்து பாதுகாப்பும் உண்டு. இரண்டும் மாறினால் சிவப்பணு அரிவாள் போல வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும். தாங்க முடியாத வலி, ரத்தசோகை, அடிக்கடி தொற்று. ஆக இது பழங்குடிகளின் குறை இல்லை. அவர்களின் முன்னோர்களில் பலரைக் காப்பாற்றிய கவசம். கொசு குறைந்த பிறகும் கவசத்தின் பாரம் மட்டும் மிச்சம் இருக்கிறது.

ஹால்டேன் இந்தியாவுக்கு வந்தது ஏன்?

சூயஸ் மீது பிரிட்டன் படையெடுத்ததை எதிர்த்து, 1957-ல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். பி.சி. மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வேலை. சைவச் சாப்பாடு, வேட்டி குர்தா. அவருடைய வழிகாட்டுதலில் மாணவர் கிருஷ்ணா துரோணம்ராஜு, ஆந்திராவில் நெருங்கிய உறவுத் திருமணங்களை ஆராய்ந்தார். தாய்மாமனுக்கோ அத்தை மகனுக்கோ கட்டிக்கொடுக்கும் வழக்கம் நமக்கும் புதிது இல்லையே. நெருங்கிய உறவுக்குள் ஒரே மரபணு மாற்றம் இரு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடும்.

பிறகு நிறுவனத்தோடு பிணக்கு. 1962-ல் புவனேஸ்வரத்தில் ஒடிசா அரசின் ஆதரவோடு ஆய்வகம் தொடங்கினார். ஆனால் புற்றுநோய் விடவில்லை. 1964 டிசம்பர் 1-ஆம் தேதி இறந்தார். உடலை காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். வாழ்நாள் எல்லாம் சோதனைக்குக் கொடுத்த உடம்பு, செத்த பிறகும் மாணவர்களுக்குப் பாடமானது.

இதனால் உங்களுக்கு என்ன?

ஒன்று, ஒரே மரபணு மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. இந்திய அரிவாள் செல் நோயாளிகள் பலரிடம் கருக்கால ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதால், ஆப்பிரிக்க வகைகளைவிட நோய் சற்று மிதமாக இருப்பது உண்டு. அதற்காக லேசான நோய் என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டு, ஆனைகட்டிக்குக் கீழே இருக்கும் நாமும் விதிவிலக்கு இல்லை. இதயத் தசையைப் பாதிக்கும் ஒரு மரபணு மாற்றம் தெற்காசியர்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இருப்பதை 2009-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். ஐரோப்பியர்களின் தரவை வைத்துச் செய்த கணக்குகள் நமக்கு அப்படியே பொருந்தாது. ஆன்லைனில் எச்சில் அனுப்பி வாங்கும் ஜெனெடிக் ரிப்போர்ட்டில் சர்க்கரை நோய் ரிஸ்க் இவ்வளவு என்று வந்தால், அது யாருடைய தரவில் போட்ட கணக்கு என்று கேளுங்கள்.

மூன்று, முக்கியமானது. அரிவாள் செல் நோயை 2047-க்குள் ஒழிக்க மத்திய அரசு 2023 ஜூலையில் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 7 கோடி பேரைப் பரிசோதித்து அட்டை கொடுப்பது திட்டம். கேரியர் என்று வந்தால் அது நோய் இல்லை. இரண்டு கேரியர்கள் திருமணம் செய்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம். அதே அட்டை பெண் பார்க்கும் இடத்தில் ஒருவரை ஒதுக்கும் முத்திரையாக மாறினால், ஆட்கள் பரிசோதனைக்கே வர மாட்டார்கள்.

ரத்தத்தை வைத்து மனிதர்களை மேல் கீழ் என்று பிரித்த நாஜிக் காலத்தில், அந்த வாதம் அறிவியலே இல்லை என்று 1938-ல் புத்தகமே எழுதியவர் ஹால்டேன். அடுத்த முறை ஆனைகட்டி வழியாக பைக்கில் போகும்போது, எதிரே வரும் ஊர்க்காரரின் ரத்தத்தில் மாறிய அந்த ஒரு எழுத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் ரத்தத்திலும் அப்படி ஏதோ ஒன்று இருக்கும். இன்னும் டெஸ்ட் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.