ஜார்ஜ் பீட்சன்

சர் ஜார்ஜ் தாமஸ் பீட்சன் (1848 - பெப்ரவரி 16, 1933) ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஆவார். மார்பகப் புற்றுநோய்க்கான இயக்குநீர் மருத்துவத்தின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். ஹார்மோன் எனப்படும் இயக்குநீருக்கு அப்பெயர் சூட்டப்பட்டது 1905 இல்தான். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, சூலகத்துக்கும் மார்பகக் கட்டிக்கும் தொடர்புண்டு என்பதை இவர் அறுவை மூலம் காட்டினார்.

வாழ்க்கை

பீட்சன் இலங்கையின் திருகோணமலையில் பிறந்தார். இவரது தந்தை பிரித்தானிய இராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். கேம்பிரிட்ஜில் பயின்றபின் எடின்பரோவில் மருத்துவம் கற்ற பீட்சன், ஜோசப் லிஸ்டரின் கீழும் பணிபுரிந்தார். பின்னர் கிளாஸ்கோவில் குடியேறி, அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையைப் பல ஆண்டுகள் வழிநடத்தினார். முதல் உலகப்போரின்போது ஸ்காட்லாந்து செஞ்சிலுவைப் பணிகளிலும் முன்னின்றார். இவர் மணம் செய்துகொள்ளவில்லை.

பாலும் சூலகமும்

1878 இல் பெற்ற எம்.டி. பட்டத்திற்கு இவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப்பொருள் பால் சுரத்தல். புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். பால் சுரக்கும் காலத்தில் மார்பக உயிரணுக்கள் பெருகுவது, புற்றுநோயில் அவை பெருகுவதை ஓரளவு ஒத்திருப்பதை பீட்சன் கவனித்தார். கன்று ஈன்ற பசுவின் சூலகத்தை நீக்கினால் அது நெடுங்காலம் பால் தரும் என்பதால், சில நாடுகளில் உழவர்கள் அவ்வாறு செய்துவந்ததையும் அறிந்தார். ஓர் உறுப்பு, தனக்குத் தொலைவிலுள்ள மற்றோர் உறுப்பின் உயிரணுக்களைக் கட்டுப்படுத்துகிறது என்ற முடிவுக்கு இவர் வந்தது இவ்வாறே.

1895 அறுவை

ஏற்கனவே மார்பகம் நீக்கப்பட்டும் நோய் திரும்பிய 33 வயதுப் பெண் ஒருவர் 1895 இல் இவரிடம் வந்தார். மீண்டும் கத்தி வைக்க இயலாத நிலை. பீட்சன் தம் எண்ணத்தை அப்பெண்ணிடமும் கணவரிடமும் எடுத்துரைத்து, அவர்களின் இசைவுடன் சூன் 15 அன்று இரு சூலகங்களையும் நீக்கினார். தைராய்டுச் சாறும் கொடுக்கப்பட்டது. எட்டு மாதங்களில் கட்டியின் அடையாளங்கள் மறைந்தன. அப்பெண் மூன்றாண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். பின்னர் நோய் திரும்பியது. 1896 இல் லான்செட் இதழில் இதனை வெளியிட்டார்.

பிற மருத்துவர்களும் இம்முறையைக் கையாண்டனர். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே பலன் கிட்டியது. எஞ்சியோர் பயனின்றி வயிற்றறுவையின் இடரைத் தாங்க நேர்ந்தது. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டி அறிய வழியில்லை. பீட்சனின் வாழ்நாளில் இதற்கு விடை கிடைக்கவில்லை.

ஏற்பிகளும் சாயமும்

சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி என்ற புரதம் இருப்பதை, 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு காட்டினார். இந்த ஏற்பி உள்ள கட்டிகளே பெரும்பாலும் சூலக நீக்கத்திற்கு இணங்கின. தொடக்கத்தில் புதிய திசுவை அரைத்தே இதனை அளந்தனர். எனவே சாதாரணத் திசுவும் கட்டியும் கலந்துபோகும். ஏற்பி எந்த உயிரணுவில் உள்ளது என்று தெரியாது.

1980களில் ஏற்பியோடு மட்டும் இணையும் பிறபொருளெதிரிகள் உருவாக்கப்பட்டதும் இக்குறை நீங்கியது. மெழுகில் பதித்த திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, பிறபொருளெதிரியை இட்டு, நொதியால் நிறமேற்றுகின்றனர். ஏற்பியுள்ள உயிரணுவின் உட்கரு பழுப்பாகவும், இல்லாதது நீலமாகவும் தோன்றும். அருகிலுள்ள இயல்பான பால்நாளங்களிலும் சில உட்கருக்கள் பழுப்பாக வேண்டும்; இல்லையேல் சாயமேற்றலையே ஐயுற வேண்டும். அனுபவமற்றவர் தவறவிடக்கூடிய இடம் இது.

கட்டி உயிரணுக்களில் 1 விழுக்காடேனும் நிறமேறினால் ஏற்பி உண்டு எனக் கொள்ளலாம் என்று 2010 இல் அமெரிக்க வழிகாட்டி வகுத்தது. 1 முதல் 10 விழுக்காடு வரையிலானவற்றைக் குறைந்த அளவு எனத் தனியே குறிக்க 2020 இல் பரிந்துரைக்கப்பட்டது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பான்மை ஏற்பியுள்ளவை. அத்தகையோருக்கு டமொக்சிபென் போன்ற மருந்துகள் அளிக்கப்படுகின்றன. மாதவிடாய் நிற்காத சிலருக்குச் சூலகத்தின் செயல் இன்றும் நிறுத்தப்படுகிறது. பெரும்பாலும் ஊசி மருந்தால், சிலருக்கு பீட்சன் செய்தது போல அறுவையால்.