வெடிப்பை மறைக்காத தச்சர்

தளபாடம் செய்பவர்கள் பலகையில் வெடிப்பைக் கண்டால் அந்தப் பகுதியை வெட்டி எறிவார்கள். அல்லது மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே மெருகு பூசி மறைத்துவிடுவார்கள். ஜோர்ஜ் நகாஷிமா இரண்டையும் செய்யவில்லை. வெடிப்பை எல்லோரும் பார்க்கும்படி விட்டு, அதற்குக் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு மரத்துண்டைப் பதித்தார். அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்களில் இன்று அவருடைய தளபாடங்கள் இருக்கின்றன.

அவரைப் பற்றி நான் எழுத இரண்டு காரணங்கள் உண்டு. அவர் புதுச்சேரியில் வாழ்ந்தவர். தன் தொழிலின் நுட்பத்தை முள்வேலி முகாம் ஒன்றில் கற்றவர்.

நகாஷிமா 1905 இல் அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில், ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தார். கட்டடக்கலை படித்து, 1934 இல் டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் பணி ரேமண்டுக்குக் கிடைத்தபோது, அதை மேற்பார்வை செய்ய 1937 இல் புதுச்சேரிக்கு வந்தார். வந்த இடத்தில் ஆசிரமவாசியாகவே ஆனார். சுந்தரானந்தா என்ற பெயரும் அங்கே கிடைத்தது.

1940 இல் அமெரிக்கா திரும்பினார். அடுத்த ஆண்டின் இறுதியில் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பெப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த உத்தரவின் பின் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலானோர் அந்த நாட்டிலேயே பிறந்த பிரஜைகள். நகாஷிமாவும் மனைவி மரியனும் கைக்குழந்தை மீராவுடன் ஐடஹோ மாநிலத்தின் மினிடோக்கா முகாமுக்குப் போனார்கள்.

அங்கேதான் கென்டாரோ ஹிகோகாவாவைச் சந்தித்தார். ஜப்பானிய மரபில் தேர்ந்த தச்சர் அவர். பட்டம் பெற்ற நகாஷிமா அவரிடம் மாணவராக அமர்ந்தார். கட்டட வேலையில் எஞ்சிய பலகைகளையும் வறண்ட நிலத்துப் புதர்க்கட்டைகளையும் வைத்து, உளி பிடிப்பதையும் மூட்டுகள் பொருத்துவதையும் கற்றார்.

ரேமண்ட் பொறுப்பேற்றதால் 1943 இல் குடும்பம் வெளியே வந்து, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் குடியேறியது. முதலில் ரேமண்டின் பண்ணையில் வேலை. பிறகு சொந்தமாக ஒரு பட்டறை.

அவருடைய வண்ணத்துப்பூச்சி வெறும் அலங்காரம் இல்லை. பலகை காயும்போது சுருங்கி, வெடிப்பு இரு பக்கமும் விரியப் பார்க்கும். பதிக்கும் துண்டு இடையில் ஒடுங்கி, இரு முனைகளிலும் அகன்றிருக்கும். அதன் நார் வெடிப்புக்குக் குறுக்கே ஓட வேண்டும். அதே அளவில் பலகையில் உளியால் குழி எடுத்து, பசையிட்டுத் தட்டி இறக்கினால், அகன்ற முனைகள் இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். வெடிப்பு மூடாது, ஆனால் மேலும் நீளாது. கறுப்பு வால்நட் பலகையில் வேறு நிற மரத்தில் பதித்தால் அதுவே அழகாகவும் தெரியும். சோபாவுக்குப் பக்கத்தில் வைக்கும் சிறு மேசைக்கு ஒன்றிரண்டு போதும்.

1986 இன் கடைசி நாளில், பெரும் வால்நட் மரம் ஒன்றிலிருந்து அவர் செய்த சமாதான மேசை நியூயோர்க்கின் புனித யோவான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. முகாம்களில் அடைத்ததற்காக அமெரிக்க அரசு 1988 இல் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கச் சட்டம் இயற்றியது. 1990 இல் நகாஷிமா காலமானார். ஆறு ஆண்டுகளின் பின் இன்னொரு சமாதான மேசை, புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஓரோவிலை வந்தடைந்தது.

நகாஷிமாவின் பெயரை உலகம் அறியும். ஹிகோகாவாவின் பெயர் அந்த வரலாற்றில் ஒரு வரியில்தான் வருகிறது. நான் இருந்த முகாமிலும் தறப்பாள் கூடாரத்துக்குள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், தையல் பழக்கியவர்கள், உடைந்த கதிரைக்குக் கால் போட்டுக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். காணாமற்போனவர்களையும் இழந்தவற்றையும் பட்டியலிடும் நாங்கள், அந்த ஒரு வரியையும் எழுதிவைக்க வேண்டும். அவர்களிடம் கற்றவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம்.