ஜோ மீக்

ஜோ மீக் (ஏப்ரல் 5, 1929 – பெப்ரவரி 3, 1967) இங்கிலாந்தைச் சேர்ந்த இசைத்தட்டுத் தயாரிப்பாளரும் ஒலிப்பதிவுப் பொறியாளரும் பாடலாசிரியரும் ஆவார். இவரது இயற்பெயர் ராபர்ட் ஜார்ஜ் மீக். ஒலிப்பதிவுக் கூடத்தையே ஓர் இசைக்கருவியாகக் கையாண்ட முன்னோடிகளுள் இவர் ஒருவர். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராமல், இலண்டனில் தாம் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துப் பணியாற்றினார். அங்கு இவர் தயாரித்த மூன்று பாடல்கள் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றன.

இளமைக்காலம்

மீக் குளொஸ்டர்சயர் மாவட்டத்தில் உள்ள நியூவென்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே வானொலிப் பெட்டிகள், மின்சுற்றுகள் ஆகியவற்றில் ஆர்வம் கொண்டிருந்தார். கட்டாயப் படைச்சேவையின்போது அரச வான்படையில் ரேடார் தொழினுட்பப் பணியாளராக இருந்தார். பின்னர் மிட்லண்ட்சு மின்சார வாரியத்தில் பணிபுரிந்தார். இவருக்கு இசைக்குறியீடுகளைப் படிக்கத் தெரியாது. எந்த இசைக்கருவியையும் முறையாக வாசிக்கவும் தெரியாது. மனத்தில் தோன்றும் மெட்டை வாயால் பாடி நாடாவில் பதிவு செய்வார். அதைக் கேட்டு இசைக்கலைஞர்கள் சுரங்களைக் கண்டறிந்து எழுதிக்கொள்வர்.

ஒலிப்பதிவுப் பொறியாளர்

1950களின் நடுப்பகுதியில் மீக் இலண்டனில் உள்ள ஐபிசி ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிக்குச் சேர்ந்தார். இசைக்கலைஞர்கள் வாசிப்பதை உள்ளது உள்ளபடியே பதிவதுதான் பொறியாளரின் கடமை என்று அக்காலத்தில் கருதப்பட்டது. ஒலிவாங்கியை வைக்க வேண்டிய தூரம், ஒலியளவின் உச்ச வரம்பு போன்றவற்றுக்குப் பெரிய கூடங்களில் கண்டிப்பான விதிகள் இருந்தன. மீக் இவ்விதிகளை மீறினார். ஒலிவாங்கியை இசைக்கருவிக்கு மிக அருகில் வைத்தார். உரத்த ஒலியைத் தணித்து, உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறைக்கும் கம்ப்ரசர் கருவியை அளவுக்கு மிஞ்சிப் பயன்படுத்தினார்.

1956 ஆம் ஆண்டில் அம்ப்ரி லிட்டில்டனின் ஜாஸ் குழு இசைத்த பேட் பென்னி ப்ளூஸ் என்னும் இசைத்தட்டு இதற்குச் சான்றாகும். பியானோவின் தாழ்சுரங்களையும் மேளத்தின் மீது உராயும் தூரிகைக் குச்சிகளின் ஒலியையும் மீக் முன்னுக்குக் கொண்டுவந்தார். ஒலி இவ்வாறு மாற்றப்பட்டது லிட்டில்டனுக்குப் பிடிக்கவில்லை. எனினும் அந்த இசைத்தட்டு விற்பனைப் பட்டியலின் முதல் இருபது இடங்களுக்குள் வந்தது.

பின்னர் டெனிஸ் பிரெஸ்டனின் லேன்ஸ்டவுன் கூடத்தில் பணியாற்றிய மீக், 1959 இல் ஐ ஹியர் எ நியூ வேர்ல்ட் என்னும் தொகுப்பைத் தொடங்கினார். நிலவில் உள்ள வாழ்க்கையைக் கற்பனை செய்யும் இத்தொகுப்பில், நீர்க்குமிழிகளின் ஒலி, தொட்டியிலிருந்து நீர் வடியும் ஒலி, வேகம் மாற்றப்பட்ட நாடாக்களின் ஒலி ஆகியவை இசையுடன் கலக்கப்பட்டன. இதன் ஒரு பகுதி மட்டும் 1960 இல் மிகக் குறைந்த பிரதிகளுடன் வெளிவந்தது. முழுத்தொகுப்பும் 1991 இல்தான் வெளியானது.

ஹாலோவே சாலைக் கூடம்

1960 இல் மீக் வடக்கு இலண்டனில் ஹாலோவே சாலையின் 304 ஆம் எண் கட்டடத்தில் குடியேறினார். கீழ்த்தளத்தில் தோற்பொருட்கள் விற்கும் கடை இருந்தது. அதன் மேலிருந்த தளங்களே இவரது வீடும் கூடமும் ஆயின. பாடகர் ஓர் அறையிலும் வயலின் கலைஞர்கள் மாடிப்படியிலும் நிற்பதுண்டு. குளியலறை எதிரொலி அறையாகப் பயன்பட்டது. சுருள்வில்லைக் கொண்டு எதிரொலி எழுப்பும் கருவி ஒன்றை மீக் தாமே உருவாக்கிக்கொண்டார். ஒரு நாடாவில் பதிந்ததை ஒலிக்கவிட்டு, அதனுடன் புதிய ஒலியைச் சேர்த்து மற்றொரு நாடாவில் பதிந்து, அடுக்கடுக்காகப் பாடலை உருவாக்கினார். ஒவ்வொரு முறை மறுபதிவு செய்யும்போதும் இரைச்சல் கூடும். அதனால் எதை எப்போது எந்த அளவில் சேர்ப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

முடிவுற்ற நாடாக்களை இவர் பெரிய நிறுவனங்களுக்கு உரிமத்தின் பேரில் வழங்கினார். பாடகர், பாடல், ஒலி ஆகிய மூன்றையும் நிறுவனங்களே முடிவுசெய்த காலத்தில் இது பிரித்தானியாவுக்குப் புதிய முறையாகும். ஜான் லெய்ட்டன் பாடிய ஜானி ரிமெம்பர் மீ 1961 இல் முதலிடம் பெற்றது. 1964 இல் முதலிடம் பெற்ற அனிகோம்ஸ் குழுவின் ஹேவ் ஐ த ரைட் பாடலில் கேட்கும் கனத்த தாளம், குழுவினர் மரப்படிகளில் காலால் உதைத்த ஒலியாகும். அதைப் பதிவதற்காக ஒலிவாங்கிகள் மிதிவண்டிக் கவ்விகளால் படிக்கட்டுக் கைப்பிடியில் பொருத்தப்பட்டன.

டெல்ஸ்டார்

1962 சூலை 10 அன்று டெல்ஸ்டார் தகவல்தொடர்புச் செய்மதி விண்ணில் ஏவப்பட்டது. அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் நேரடித் தொலைக்காட்சிக் காட்சிகளை முதன்முதலாக அனுப்பிய இச்செய்மதியால் கவரப்பட்ட மீக், அதன் பெயரிலேயே ஓர் இசையை உருவாக்கினார். டொர்னேடோஸ் குழு வாசித்த இவ்விசையில், கிளாவியோலின் என்னும் மின்னணு விசைப்பலகைக் கருவியை ஜெஃப் கொடார்ட் பின்னர் வாசித்துச் சேர்த்தார். நாகின் (1954) என்னும் இந்தித் திரைப்படத்தின் மகுடி இசைக்குப் பயன்பட்டதும் இக்கருவியே. டெல்ஸ்டார் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. 1962 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவிலும் முதலிடத்தை அடைந்தது. அங்கு இவ்விடத்தைப் பெற்ற முதல் பிரித்தானியக் குழு டொர்னேடோஸ் ஆகும். பீட்டில்ஸ் குழு அதே இடத்தை 1964 இல்தான் எட்டியது.

வழக்கும் இறுதிக்காலமும்

டெல்ஸ்டாரின் மெட்டு, ஆஸ்டர்லிட்ஸ் (1960) என்னும் பிரெஞ்சுத் திரைப்படத்திற்குத் தாம் அமைத்த இசையிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஜான் லெட்ரூ என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர் வழக்குத் தொடுத்தார். இதனால் மீக்குக்குச் சேரவேண்டிய உரிமத்தொகை முடக்கப்பட்டது. உலகெங்கும் விற்ற இசையின் ஆசிரியர் கடனில் மூழ்கினார்.

மீக் தற்பால் ஈர்ப்புடையவர். ஆண்களிடையேயான பாலுறவு அப்போது இங்கிலாந்தில் குற்றமாக இருந்தது. 1963 இல் இது தொடர்பான குற்றச்சாட்டில் தண்டனை பெற்றார். செய்தி நாளிதழ்களில் வெளிவந்தது. மன அழுத்தமும் மருந்துப் பழக்கமும் இவரை வாட்டின. தம் ஒலிநுட்பங்களை மற்றவர்கள் ஒட்டுக்கேட்டுத் திருடுவதாக அஞ்சினார். 1964க்குப் பிறகு இவரது இசைத்தட்டுகளின் விற்பனையும் சரிந்தது.

1967 பெப்ரவரி 3 அன்று மீக் தமது வீட்டு உரிமையாளரான வயலட் செண்டன் என்னும் பெண்மணியைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றுவிட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்டார். அப்போது இவருக்கு வயது 37. இவரது வாழ்க்கையைப் பற்றிய நூல்களிலும் நாடகங்களிலும் செண்டனின் மரணம் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. அதே ஆண்டு சூலையில் இங்கிலாந்தில் தற்பால் உறவு தொடர்பான சட்டம் தளர்த்தப்பட்டது. டெல்ஸ்டார் வழக்கில் மீக்கின் மரணத்திற்குப் பின்னரே அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

தாக்கம்

ஒலிவாங்கியை அருகில் வைத்தல், கம்ப்ரசரை மிகுதியாகப் பயன்படுத்துதல், வீட்டிலேயே பதிவு செய்தல் ஆகியவை பிற்காலத்தில் வழமையான முறைகளாயின. மீக் இறந்தபின் தேயிலைப் பெட்டிகளில் எஞ்சியிருந்த நாடாக்கள், நீண்டகாலம் தனியாரிடம் இருந்தன. 2020 இல் செரி ரெட் நிறுவனம் அவற்றை வாங்கி, எண்மமாக்கித் தொகுப்புகளாக வெளியிடத் தொடங்கியது. இவரது வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்ட டெல்ஸ்டார் என்னும் திரைப்படம் 2008 இல் முதன்முதலாகத் திரையிடப்பட்டது.