பறவை மனிதர் சலீம் அலி

1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அந்நாளைய பம்பாயில், ஒரு பெரிய குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார் சலீம் அலி. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்த அவரைத் தாய்மாமனும் அத்தையும் எடுத்து வளர்த்தனர்.

சிறுவன் சலீம் ஒருநாள் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லர்ட் துரைதான் அதன் பெயரைச் சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் காட்டினார். அன்று தொடங்கிய ஆர்வம் தொண்ணூறு வயது வரை குறையவேயில்லை.

பர்மாவில் குடும்பத் தொழிலைப் பார்க்கச் சென்றவர் 1917இல் திரும்பி வந்து வணிகக் கல்வி பயின்றார். தூய சவேரியார் கல்லூரியின் இயேசு சபைக் குருவான அருட்தந்தை பிளாட்டர்தான் அவரை விலங்கியல் படிக்கத் தூண்டினார். ஆனாலும் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் நல்ல வேலை கிட்டவில்லை. 1926இல் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை கிடைத்தது. 1928இல் விடுப்பெடுத்து, பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயில ஜெர்மனி சென்றார். 1930இல் திரும்பியபோது, பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தனர்!

மனைவி தெமினாவுடன் கிகிம் என்ற கடலோரச் சிற்றூரில் குடியேறினார். அங்கே தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டியதும் பெண் குருவி வந்து பார்க்கும், பிடித்தால்தான் குடியேறும். கட்டுபவர் ஒருவர், முடிவு செய்பவர் இன்னொருவர்! இந்த ஆராய்ச்சி 1931இல் வெளிவந்து அவருக்குப் புகழ் தந்தது. 1939இல் தெமினா காலமானார். அந்தத் துயரிலும் அவர் பணியை விடவில்லை. இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது நூல் 1941இல் வெளியாயிற்று. ஆராய்ச்சிக்காக அவர் பறவைகளைச் சுட்டதும் உண்டு. அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். அக்காலத்து வழக்கம் அப்படி இருந்தது.

பின்னர் 1959 முதல் பறவைகளைப் பிடித்து, காலில் எண்ணிட்ட வளையம் மாட்டிப் பறக்கவிடும் வேலையைச் சங்கம் பெரிய அளவில் நடத்தியது. நம் கோடியக்கரைக்கும் அவர் வந்தார். இங்கே வளையம் மாட்டிய பறவைகள் பல்லாயிரம் கல் தொலைவில் சோவியத் நாட்டில் அகப்பட்டன.

கானமயிலை நாட்டுப் பறவையாக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். 1963இல் அந்தப் பெருமை மயிலுக்குப் போயிற்று. கானமயில் வாழ்வது புல்வெளியில். ஏரி குளம் என்றால் காக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும்; புல்வெளியையோ தரிசு என்று எழுதிவிடுகிறார்கள். தோழியரே, நம் கொங்கு நாட்டுக் கொறங்காடுகளை எண்ணிப் பாருங்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ள அந்த நிலங்கள் ஆடு மாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. குளிர்காலத்தில் நடு ஆசியாவிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் இத்தகைய வெட்டவெளிகளில்தான் வெட்டுக்கிளி பிடித்துத் தின்று, தரையில் புல்லுக்குள் உறங்கும்.

வரகுக்கோழியின் நிலை இன்னும் மோசம். மழைக்காலத்தில் குஜராத், இராஜஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் ஆண் பறவை துணையை அழைக்க நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை புல்லுக்கு மேலே துள்ளும். மழை முடிந்ததும் கலைந்து போய்விடும். எங்கே போகிறது? இக்கால அறிஞர்கள் பறவையைக் கண்ட இடம், நாள், மழை, வெயில், புல்லின் பசுமை ஆகியவற்றைக் கணினியில் சேர்த்து, எந்தப் பருவத்தில் எந்த நிலம் அதற்கு ஏற்றது என்று வரைபடம் ஆக்குகிறார்கள். ஒரே படம் போதாது; கோடைக்கு ஏற்ற நிலம் மழைக்காலத்துக்கு ஏற்காது. இதற்கு நாளும் இடமும் தவறாமல் எழுதி வைத்த பழைய குறிப்புகள் வேண்டும். சலீம் அலி வாழ்நாளெல்லாம் செய்தது அதைத்தான்.

1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண் விருதுகளைப் பெற்ற அவர் 1987 ஜூன் 20ஆம் நாள் பம்பாயில் மறைந்தார். 1990இல் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி மையம் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் தொடங்கப்பட்டது. நம் சேவூரிலிருந்து காலையில் புறப்பட்டால் மாலைக்குள் போய்த் திரும்பிவிடலாம்.