படகு விட்டவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர்

நீராவிக் கப்பலைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ராபர்ட் புல்டன் என்று பட்டென்று சொல்லும். புல்டன் படகு விட்டது 1807-இல். அதற்கு 17 வருஷம் முன்பே கட்டணம் வாங்கி ஆள் ஏற்றிய ஒரு மனிதர் இருந்தார். அவர் பெயர் ஜான் பிட்ச்.

1743-இல் அமெரிக்காவில் கனெக்டிகட் பகுதியைச் சேர்ந்த வின்சர் ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கெட்டிக்காரப் பையன். ஆனாலும் எட்டு ஒன்பது வயதிலேயே தகப்பனார் படிப்பை நிறுத்தி வயலுக்கு அனுப்பிவிட்டார். (நம் லயத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!) பிறகு கடிகாரத் தொழில் கற்க அண்ணன் தம்பி இருவரிடம் போனார். அண்ணன்காரர் வயல் வேலை வாங்கினார். தம்பியோ கருவிகளைத் தொடவே விடவில்லை. இப்படியே வருஷங்கள் போயின.

பின்னர் டிரென்டன் நகரில் பித்தளை, வெள்ளி வேலைக்கடை வைத்து நாலு காசு பார்த்தார். 1776 போரில் பிரிட்டிஷ் படை அதையும் நாசமாக்கியது.

1785-இல் ஒருநாள் மூட்டுவலியோடு நொண்டி நடந்து வரும்போது, பக்கத்தில் ஒரு குதிரைவண்டி ஓடியது. குதிரை இல்லாமல் நீராவியால் வண்டி ஓட்டினால் என்ன என்று தோன்றியது. அந்தக் காலத்து ரோட்டில் அது நடக்காது என்று புரிந்ததும், யோசனையை ஆற்றுப்பக்கம் திருப்பினார்.

அரசாங்கம் உதவவில்லை. தாமே செதுக்கிய நிலப்படத்தை, ஆப்பிள் சாறு பிழியும் அழுத்துபொறியில் அச்சடித்து விற்றுக் காசு சேர்த்தார். ஹென்றி வாய்ட் என்ற கடிகாரக்காரர் கூட்டுச் சேர்ந்தார். இயந்திரத்தை இருவருமே தட்டித் தடுமாறிச் செய்தார்கள். 1787 ஆகஸ்டு 22-இல் பிலடெல்பியாவில், டெலவேர் ஆற்றில் படகு நகர்ந்தது. இரு பக்கமும் ஆறாறு துடுப்புகளை நீராவியே வலித்தது.

1790 கோடையில் அடுத்த படகு பிலடெல்பியாவுக்கும் டிரென்டனுக்கும் இடையே ஓடியது. மணிக்கு எட்டு மைல் வேகம். ஆனால் கரையோரம் நல்ல சாலை, குதிரைவண்டி வசதி. ஆள் ஏறவில்லை, நஷ்டம்தான். 1791-இல் காப்புரிமை கிடைத்த அதே நாளில் போட்டிக்காரர் ரம்சிக்கும் கொடுத்துவிட்டார்கள். பணம் போட்டவர்கள் விலகினார்கள். பிரான்சுக்குப் போனார், அங்கே புரட்சிக் கலவரம். வெறுங்கையோடு திரும்பி, 1798-இல் கென்டக்கியில் இறந்தார்.

புல்டனைக் குறை சொல்வதற்கில்லை; படகை லாபத்தில் ஓட்டிக் காட்டியவர் அவர். ஆனால் அவருக்குப் பணக்காரக் கூட்டாளியும், இங்கிலாந்தில் வாங்கிய இயந்திரமும் இருந்தன.

பிட்ச் தம் கதையை எழுதி முத்திரை வைத்து, முப்பது வருஷம் திறக்கக் கூடாது என்று சொல்லி பிலடெல்பியா நூலகத்தில் ஒப்படைத்திருந்தார். அந்தத் தவணை முடிவதற்குள் டெலவேர் ஆற்றில் நீராவிப் படகுகள் சர்வசாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தன.