வேஷம் கட்டிய வக்கீல்

நெய்வேலி டவுன்ஷிப்ல ஒரு சாயங்காலம் சைக்கிள் எடுத்துட்டுச் சுத்திப் பாருங்க. ஏதாவது ஒரு வட்டத்துல, ஒரு குவார்ட்டர்ஸ் வாசல்ல பத்துப் பதினைந்து ஜோடி சின்னச் செருப்பு கிடக்கும். உள்ளே தட்டுக்கழி சத்தம். ஷிஃப்ட் முடிஞ்சு வந்த அப்பா ஒருத்தர், மகளைக் கூட்டிப்போக வண்டியோட நிற்பார். பரதநாட்டிய வகுப்புதான், இதுல என்ன அதிசயம்னு கேட்பீங்க. நூறு வருஷத்துக்கு முன்னால், கௌரவம் பார்க்கிற எந்தக் குடும்பமும் தன் பெண்ணை இந்த ஆட்டத்துக்கு அனுப்பியிருக்காது. அந்த நிலைமை மாறியதற்குப் பின்னால் ஒரு வக்கீல் இருக்கார். அவர் பெயர் இ. கிருஷ்ண ஐயர்.

1897-ல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். சட்டம் படித்து சென்னையில் வக்கீலானார். ஆனால் மனசு மேடையில்தான் இருந்தது. பி.இ. சேர்ந்துட்டு ராத்திரி முழுக்க ஷார்ட் ஃபிலிம் எடிட் பண்ற நம்ம ஆளுங்களை நினைச்சுக்கோங்க, அந்த ரகம். சுகுண விலாச சபா நாடகங்களில் பெண் வேஷம் கட்டினார். வேஷத்துக்கு ஆடவும் தெரிய வேண்டியிருந்ததால், மெலட்டூர் நடேச ஐயரிடம் போய்க் கற்றுக்கொண்டார். நடிப்புக்காகத் தொட்ட ஆட்டம் அவரை விடவே இல்லை.

அப்போது அதற்குப் பரதநாட்டியம் என்ற பெயர் புழக்கத்தில் இல்லை. சதிர், சின்னமேளம், தாசியாட்டம் என்றுதான் சொன்னார்கள். கோயிலிலும் அரண்மனையிலும் கல்யாண வீட்டிலும் ஆடிய தேவதாசிப் பெண்களும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த கலை அது. எழுதி வைத்த பாடத்திட்டம் கிடையாது. அம்மாவின் உடம்பிலிருந்து மகளின் உடம்புக்கும், குருவின் வாயிலிருந்து சிஷ்யையின் காலுக்கும் வந்தது.

அதே நேரத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடிக்கொண்டிருந்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வேகத்தில் ஆட்டமும் சேர்ந்தே அழிந்துவிடும் என்று கிருஷ்ண ஐயர் பயந்தார். கொடுமை போகட்டும், கலை இருக்கட்டும் என்பது அவர் கட்சி. தானே சேலை கட்டி, சலங்கை கட்டி, ஊர் ஊராக மேடையேறி ஆடிக்காட்டினார். 1932 கடைசியில் இரண்டு பேரும் பத்திரிகைகளில் கடிதம் எழுதி மோதிக்கொண்டார்கள்.

1928-ல் தொடங்கிய மியூசிக் அகாடமியின் செயலாளர்களில் அவரும் ஒருவர். 1931 மார்ச்சில் திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்கள் ராஜலட்சுமி, ஜீவரத்தினம் இருவரையும் அகாடமி மேடையில் ஆட வைத்தார். வந்தது கொஞ்சம் பேர்தான். கடிதச் சண்டை முடிந்த கையோடு, 1933 ஜனவரியில் அதே சகோதரிகள் திரும்ப ஆடியபோது கூட்டம் நிரம்பி வழிந்தது. அதே வருஷம் பாலசரஸ்வதியும் அங்கே ஆடினார். பிறகு ருக்மிணி தேவி வந்து பார்த்தார், தானும் கற்றார், 1936-ல் கலாக்ஷேத்திரா பிறந்தது. பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. கிருஷ்ண ஐயர் ஜெயித்துவிட்டார்.

இங்கேதான் கதை கொஞ்சம் உறுத்துது. ஆட்டத்துக்கு மரியாதை கிடைத்த அதே வருஷங்களில், அதைக் காத்த குடும்பத்துப் பெண்கள் ஒவ்வொருவராக மேடையை விட்டுப் போனார்கள். பொட்டுக் கட்டுவதைத் தடை செய்த 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அவசியமானதுதான். ஆனால் பிழைப்பும் மேடையும் போன அவர்களுக்குப் பதிலாக என்ன கொடுப்பது என்று சபைகள் யோசிக்கவில்லை. பாலசரஸ்வதி மாதிரி மிகச் சிலர்தான் நின்றார்கள். கலைக்கு அங்கீகாரம் வந்தது, காத்தவர்களுக்கு வரவில்லை.

பின்னாளில் அவரே செய்த இன்னொரு வேலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. தான் ஆடக் கற்ற குருவின் ஊரான மெலட்டூரின் பாகவத மேளத்துக்காக எழுதினார், அலைந்தார். தெருக்கூத்துக்காகவும் பேசினார். மெலட்டூரில் ஆட்டம் ஊர்க்காரர்கள் கையிலேயே இருந்தது. இன்றைக்கும் நரசிம்ம ஜெயந்திக்கு அவர்கள்தான் வேஷம் கட்டுகிறார்கள். அவர்கள் பிராமண ஆண்கள், ஊரில் மதிப்புள்ளவர்கள் என்பதும் இதற்கு ஒரு காரணம். சதிர் ஆடிய பெண்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

1966-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1968-ல் காலமானார். அதற்கு 35 வருஷம் கழித்து, 2003-ல் யுனெஸ்கோ ஓர் உடன்படிக்கை போட்டது. கட்டடமாகவும் சிலையாகவும் இல்லாத மரபுகளைக் காப்பதற்கானது அது. ஒரு சமூகமோ குழுவோ தன்னுடையது என்று ஏற்றுக்கொள்வதுதான் மரபு; அதைக் காக்கும் வேலையில் அந்த மக்களுக்கும் இடம் வேண்டும் என்கிறது அது. இந்தியா 2005-ல் அதில் சேர்ந்தது. கேரளத்தின் கூடியாட்டம் 2008-ல் அந்தப் பட்டியலில் ஏறியது. கிருஷ்ண ஐயர் காலத்தில் விடுபட்ட பாதியைத்தான் உலகம் பிறகு எழுதி வைத்திருக்கிறது.

சரி, நமக்கு என்ன? நம்ம கடலூர் மாவட்டம் தெருக்கூத்து மண். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு விடிய விடியக் கூத்து நடக்கும் ஊர்கள் டவுன்ஷிப்பைச் சுற்றியே இருக்கு. சுரங்கத்துக்காக இடம் பெயர்ந்த ஊர் இன்னொரு இடத்துல கோயிலைத் திரும்பக் கட்டிக்கலாம். கூத்துக் குழு ஒண்ணு கலைஞ்சு போனா, எந்த என்ஜினியராலும் அதைத் திரும்பக் கட்ட முடியாது.

அடுத்த கல்ச்சுரல்ஸுக்குக் கூத்துக்காரங்களைக் கூப்பிடுவோம். அழைப்பிதழ்ல வெறும் நாட்டுப்புற நிகழ்ச்சின்னு ஒரு வரியோட முடிச்சுடாதீங்க. எந்த ஊர்க் குழு, வாத்தியார் யார், முகவீணை யார், மிருதங்கம் யாருன்னு கேட்டு எழுதுங்க. டி.ஜே.வுக்கு அட்வான்ஸ் கொடுக்கிற மாதிரி அவங்களுக்கும் பேசின பணத்தை நேரத்துக்குக் கொடுங்க. வேஷம் கட்டி மேடையேற எல்லாராலும் முடியாது. பேரை ஒழுங்கா எழுத நம்மால முடியும்.